ராஜபாளையம் வெயிலுக்கு ட்வீட் தொப்பி சரிப்படுமா? வாங்கும் முன் தெரிய வேண்டியவை

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் அந்தத் தொப்பி வந்து நிற்கிறது. சாம்பல் நிறம், முன்பக்கம் சின்னதாக ஒரு விளிம்பு, மேலே தோசை போலத் தட்டை. அதைப் போட்டவர் தாடியோடு எங்கோ பனிமூட்டத்தில் நிற்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் ராஜபாளையத்துப் பையன் ஒருவன் அதை ஆர்டர் போட்டு, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மாட்டிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் என்ன நடக்கும்? டீக்கடையில் முதல் கேள்வியே இப்படித்தான் வரும்: "என்னப்பா, கொடைக்கானல் பஸ்ஸுன்னு நெனச்சு மாறி ஏறிட்டியா?"

கிண்டலை விடுங்கள். அதற்குள் இருக்கும் கேள்வி நியாயமானது. மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்கு எதிரே நின்றாலும் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் கரிசல் பக்கத்து ஊர்கள்தான். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கே ரோடு கொதிக்கும். குளிர்நாட்டு ஆட்டுக் கம்பளியில் செய்த தொப்பியை இங்கே தலையில் வைக்கலாமா? வைப்பதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? தொப்பியும் துண்டும் குடையும் இந்த மண்ணில் வெறும் ஃபேஷனாக மட்டும் இருந்ததில்லை என்பதால், இந்தக் கேள்வி கொஞ்சம் தூரம் இழுத்துக்கொண்டு போகும்.

முதலில், ட்வீட் என்றால் என்ன?

ட்வீட் என்பது தொப்பியின் பெயர் அல்ல, துணியின் பெயர். ஸ்காட்லாந்தில் பிறந்த முரட்டுக் கம்பளித் துணி அது. அங்கே 'ட்வில்' நெசவை 'ட்வீல்' என்பார்கள். அதை 1830-களில் லண்டன் வியாபாரி ஒருவர் 'ட்வீட்' என்று தவறாகப் படித்துவிட்டார், அந்தப் பக்கம் ஓடும் ட்வீட் ஆற்றின் பெயர் போலவே இருந்ததால் அதுவே நிலைத்துவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். ட்வில் நெசவு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், போட்டிருக்கும் ஜீன்ஸை உற்றுப் பாருங்கள். சாய்வாகக் கோடு ஓடும். அதே சாய்வை ஒரு வரிசை வலப்பக்கம், அடுத்த வரிசை இடப்பக்கம் என்று மாற்றி நெய்தால் மீன்முள் போன்ற வடிவம் வரும். ட்வீட் தொப்பிகளில் அதிகம் பார்ப்பது அதைத்தான்.

ட்வீட்களில் பெயர்பெற்றது ஹாரிஸ் ட்வீட். இதற்கென்று பிரிட்டன் நாடாளுமன்றம் 1993-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளிலேயே சாயம் ஏற்றி, நூற்று, அங்கே வாழ்பவர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்த புதுக் கம்பளித் துணிக்கு மட்டும்தான் அந்தப் பெயர். துணியில் உருண்டையும் அதன்மேல் சிலுவையும் கொண்ட முத்திரை இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா ஊர் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று போர்டு எழுதிய இடத்தில் எல்லாம் கிடைப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ட்வீட்டும் அப்படித்தான். ஆன்லைனில் 'ட்வீட் கேப்' என்று போட்டுக் குறைந்த விலைக்கு வருவதில் பல, பாலியஸ்டர் துணியில் ட்வீட் டிசைனை மட்டும் கொண்டுவந்தவை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2013-ல் தொடங்கிய 'பீக்கி பிளைண்டர்ஸ்' தொடரைப் பார்த்துவிட்டுத்தான் நம்மூர் இளைஞர்களில் நிறைய பேர் இந்தப் பக்கம் வந்தார்கள். ஆனால் அதில் வரும் தொப்பி வேறு. எட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, உச்சியில் ஒரு பட்டன் வைத்து, சுற்றிலும் உப்பலாக இருக்கும். பேப்பர் போடும் பையன் தொப்பி என்று அதற்குப் பெயர். 'ஃப்ளாட் கேப்' உப்பாது. மேல்துணி முன்னால் இறங்கி விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். ஒல்லி முகத்துக்கு முதலாவது கொஞ்சம் பூசினாற்போல் தோற்றம் தரும். உருண்டை முகத்துக்கு இரண்டாவதுதான் எடுப்பு. அங்கே இங்கே விதிவிலக்கு உண்டு. கண்ணாடி பொய் சொல்லாது.

சட்டம் போட்டு மாட்டிய தொப்பி

இந்தத் தொப்பியின் மூதாதையைத் தேடிப் போனால் 1571-ல் இங்கிலாந்து போட்ட ஒரு சட்டத்தில் போய் நிற்கும். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையும் விசேஷ நாளும் இங்கிலாந்திலேயே செய்த கம்பளித் தொப்பி போட வேண்டும். போடாவிட்டால் அபராதம். பிரபுக்களுக்கும் நிலபுலன் உள்ள கனவான்களுக்கும் மட்டும் விலக்கு. கம்பளித் தொழிலைக் காப்பாற்றப் போட்ட சட்டம் அது. 1597-ல் ரத்தானது. ஆனால் அதற்குள் கம்பளித் தொப்பி என்றால் சாமானியன் என்று ஆகிவிட்டது. பின்னாளில் துறைமுகம், சுரங்கம், ஆலை என்று எங்கே பார்த்தாலும் தொழிலாளி தலையில் அந்தத் தட்டைத் தொப்பிதான். பிரபுக்கள் அதையே நல்ல துணியில் தைத்து வேட்டைக்கும் கோல்ஃபுக்கும் போட்டுக்கொண்டார்கள். இன்று ஐ.டி. கம்பெனிப் பார்ட்டியில் 'கிளாசிக்' என்று போடுகிற சமாசாரம், ஒரு காலத்தில் ஷிஃப்டுக்குப் போகும் மில் தொழிலாளியின் அடையாளம்.

அங்கே சாமானியனைத் தலையை மூடச் சொல்லிச் சட்டம் போட்டார்கள். இங்கே நடந்தது நேர் எதிர்.

1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். (ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985-ல்.) ஆண்கள் சட்டையோ பனியனோ கோட்டோ போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. தலைமுடியைக் கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே.எச். ஹட்டன், இந்தியச் சாதி பற்றித் தான் எழுதிய நூலில் இந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். நகை, துணி, பூ எல்லாம் அந்தஸ்தைக் காட்டுகிறவை என்றாவது அவர்கள் சாக்குச் சொல்லலாம். வெயிலில் நிழல் தேடுவதையும் தடுத்தார்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

துண்டின் கதையும் அதேதான். தோளில் கிடந்த துண்டை 'பெரிய மனுஷன்' எதிரே வந்தால் எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், தலையில் கட்டிய முண்டாசை அவிழ்க்க வேண்டும் என்ற வழக்கம் தமிழகக் கிராமங்களில் நீண்ட காலம் இருந்தது. சுயமரியாதை இயக்கத்தார் தோளில் துண்டு போட்டு நடந்ததற்குப் பின்னால் இருந்தது அந்தக் கோபம்தான். தலையில் எதை வைப்பது என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமை எல்லோருக்கும் சும்மா வந்துவிடவில்லை. அதனால் டீக்கடையில் யார் கேலி செய்தாலும், அந்தப் பையன் தொப்பியைக் கழற்ற வேண்டியதில்லை.

சரி, வெயிலுக்கு ஆகுமா?

நேரடியாகச் சொன்னால், பங்குனியிலிருந்து ஆவணி வரை ஆகாது.

கம்பளி இழை சுருள் சுருளாக இருக்கும். அந்தச் சுருளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். உடம்புச் சூடு வெளியே போகாமல் தடுப்பது அந்தக் காற்றுதான். ஸ்காட்லாந்தில் அது வரம், ராஜபாளையத்தில் சாபம். கம்பளிக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. அதனால்தான் மார்கழி விடியலில் பனியில் பைக்கை நிறுத்திவிட்டு டீ குடிக்கும்போது அது சுகமாக இருக்கிறது. மதியத்துக்கு அந்தக் குணம் உதவாது.

வெயிலைத் தடுக்கும் வேலையிலும் ஃப்ளாட் கேப் பாஸ் மார்க் வாங்காது. தோல் மருத்துவர்கள் சொல்வது, தலையைச் சுற்றிலும் ஏழரை சென்டிமீட்டராவது விளிம்பு வேண்டும் என்பது. இதற்கு முன்னால் மட்டும்தான் விளிம்பு, அதுவும் இரண்டு விரல் அகலம். காதும் பிடரியும் வெயிலுக்கே. அதையும் பாலியஸ்டரில் வாங்கினால் கதை முடிந்தது. கம்பளி ஈரத்தையாவது உறிஞ்சும், பாலியஸ்டர் அதையும் செய்யாது. வியர்வை நேரே கண்ணுக்குள் இறங்கும்.

இதோடு ஒப்பிட்டால் நம் பருத்தித் துண்டு எங்கேயோ இருக்கிறது. அவிழ்த்தால் பிடரி வரை மூடும், சுற்றினால் முண்டாசு, சுமை தூக்கினால் சும்மாடு. நனைத்துப் பிழிந்து கட்டினால் தண்ணீர் ஆவியாகும்போது தலைச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போட்டால் சீட்டும் பிடித்துத் தரும். ஆனால் நஷ்டப்பட்டவனை 'தலையில துண்டப் போட்டுட்டுப் போயிட்டான்' என்று சொல்லிச் சொல்லி, தலையில் துண்டு கட்டுவதையே தோற்றவன் அடையாளமாக்கிவிட்டோம். ஏமாற்றுவதற்குக் 'குல்லா போடுறது' என்று பெயர் வைத்தவர்களும் நாம்தான். தலையில் எதை வைத்தாலும் பேச்சுத்தான்.

வாங்குகிறவர் கவனத்துக்கு

இவ்வளவும் தெரிந்தும் ஒரு ட்வீட் தொப்பி வேண்டும் என்றால், தாராளமாக வாங்கலாம். கொடைக்கானல், ஊட்டி போக, பெங்களூர் டிசம்பருக்கு, அல்லது படிக்கவோ வேலைக்கோ குளிர்நாட்டுக்குக் கிளம்புகிறவருக்கு அது உருப்படியான பொருள். ஆனால் சைஸ் தெரியாமல் ஆர்டர் போடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. டெய்லர் டேப்பை எடுத்து, புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்குச் சற்று மேலே, பின்மண்டை புடைத்திருக்கும் இடம் வழியாகச் சுற்றி அளவெடுங்கள். டேப் இல்லையென்றால் நூலால் சுற்றி, அதை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். 58 சென்டிமீட்டர் வந்தால் பிரிட்டிஷ் அளவில் ஏழேகால் அல்ல, ஏழும் எட்டில் ஒன்றும். ஏழேகால் என்பது அதே தலைக்கு அமெரிக்க அளவு. இந்த ஒரு குழப்பத்தால்தான் நிறைய தொப்பிகள் ரிட்டர்ன் போகின்றன. இரண்டு அளவுக்கு நடுவே நின்றால் பெரியதை எடுங்கள். உள்பட்டைக்குள் மெல்லிய துணியை மடித்து வைத்துச் சரிக்கட்டலாம். சிறியதை இழுத்துப் பெரிதாக்க முடியாது. நெற்றியில் கோடு விழுந்து தலைவலிதான் மிச்சம். முடி அடர்த்தியாக இருப்பவர்களும், கொண்டை போடும் பெண்களும் அந்த முடியோடுதான் அளவெடுக்க வேண்டும்.

துணி அசலா என்று பார்க்க மில் ஊர்க்காரர்கள் அறிந்த பழைய வழி உண்டு. உள்தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு நூலைப் பிடுங்கி, தொப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, நூலைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, கையால் நசுக்கினால் பொடியானால் கம்பளி. உருகிக் கெட்டியான மணி போல உறைந்தால் பாலியஸ்டர். பேப்பர் எரிகிற வாடை வந்தால் பருத்தி. வீட்டில் பட்டுச் சேலையைச் சோதிக்க அம்மாக்கள் செய்வதும் இதைத்தான். கடையில் செய்ய முடியாது என்றால் உள்ளே இருக்கும் லேபிளில் கம்பளி எத்தனை சதவீதம் என்று படித்துப் பாருங்கள். லேபிளே இல்லையென்றால் பதில் கிடைத்துவிட்டது.

உள்துணியையும் மறக்க வேண்டாம். நம் தலையில் தேங்காய் எண்ணெய் இருக்கும். வெளிநாட்டில் தைத்த தொப்பிகள் இதை எதிர்பார்ப்பதில்லை. வழவழப்பான வெளிர்நிற செயற்கைத் துணி உள்ளே இருந்தால் ஒரே மாதத்தில் எண்ணெய்ப்பிசுக்கு ஏறிக் கறுத்துவிடும். பருத்தி உள்துணியும், துடைக்கக் கூடிய நெற்றிப் பட்டையும் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். விளிம்புக்குள் அட்டையா, பிளாஸ்டிக்கா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. அட்டை ஒரு மழைக்குத் தாங்காது.

துவைப்பது பற்றி ஒரே வார்த்தை: கூடாது. வெந்நீரில் போட்டு அலசினால் கம்பளி சுருங்கி, குழந்தைத் தொப்பியாக வெளியே வரும். பிரஷ்ஷால் தூசி தட்டி, கறை பட்ட இடத்தை மட்டும் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, நிழலில் காயவிட்டால் போதும். பீரோவில் வைக்கும்போது பாச்சை உருண்டையோ காய்ந்த வேப்பிலையோ கூட இருக்கட்டும். பூச்சிக்குக் கம்பளி என்றால் விருந்து.

போடும் விதத்துக்குப் பெரிய சாஸ்திரம் ஒன்றும் இல்லை. விளிம்பு நெற்றியின் நடுவுக்கு வரட்டும், லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் அழகு. ஆண்டாள் கொண்டையே சாய்ந்ததுதானே என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கேட்டால் மறுக்க முடியாது. கோயிலுக்குள் போகும்போது கழற்றிப் பையில் வையுங்கள். கடைசியாக ஒன்று: பைக்கில் ஹெல்மெட்டுக்குப் பதிலாகவும் கூடாது, ஹெல்மெட்டுக்கு உள்ளேயும் கூடாது. உள்ளே ஒரு தொப்பி இருந்தால் ஹெல்மெட் தலையில் கவ்வி நிற்காது. விழுந்தால் தலைக்கு வந்தது தொப்பியோடு போகாது.

பருத்தி ஊரில் ஒரு பருத்தித் தொப்பி

இந்த இடத்தில்தான் ஒரு ஆதங்கம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து இது நூல் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி மருத்துவமனைகளுக்குப் போகிறது. காற்றுப் புகவும், ஈரம் உறிஞ்சவும், உறுத்தாமல் இருக்கவும் பருத்தியை எப்படி நெய்ய வேண்டும் என்பது அங்கே தறி ஓட்டுகிறவர்களுக்கு அத்துப்படி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சுந்தரபாண்டியத்தில் கைத்தறிச் சேலை நெய்கிறார்கள். ஹெப்ரிடீஸ் தீவில் வீட்டுத் தறி சட்டப் பாதுகாப்போடு உலகச் சந்தையில் நிற்கிறது. இங்கே வீட்டுத் தறியில் நெய்தவர் பிள்ளை, அந்த டிசைனைக் காப்பியடித்த பாலியஸ்டர் தொப்பியை ஆன்லைனில் வாங்குகிறான்.

ஃப்ளாட் கேப்பைக் கம்பளியில்தான் தைக்க வேண்டும் என்று 1597-க்குப் பிறகு எந்தச் சட்டமும் இல்லை. அதே வெட்டில், கொஞ்சம் கனமான பருத்தியிலோ கைத்தறித் துணியிலோ தைத்தால் பங்குனிக்கும் தாங்கும், சோப்புப் போட்டுத் துவைக்கவும் செய்யலாம். காந்தி தொப்பி பரவியதன் ரகசியமும் இதுதான். கொஞ்சத் துணி போதும், மடித்தால் பாக்கெட்டில் அடங்கும், துவைத்தால் புதுசு. அதே காந்தி, இங்கிருந்து சுமார் 85 கிலோமீட்டரில் இருக்கும் மதுரையில், 1921 செப்டம்பர் 22 அன்று, ஏழைகளுக்கு அவ்வளவு கதர்கூட வாங்க முடியவில்லை என்பதை உணர்ந்து, தன் பெயர் தாங்கிய தொப்பியையும் மேல்சட்டையையும் கழற்றி வைத்தார். தலைத்துணி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது.

அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்லது. ஆனால் உயிர் போன பிறகு கொடுக்கும் பணத்துக்கு முன்னால், உயிரோடு இருக்கும்போது தலைக்கு ஒரு துணி கொடுக்க யார் பொறுப்பு? ரோடு போடும் இடத்தில், கட்டட வேலையில், சேலைக்கு மேலே ஆண் சட்டை மாட்டிக்கொண்டு தலையில் பழைய துண்டு சுற்றிய பெண்களை இந்த இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள 12 கிலோமீட்டர் ரோட்டிலேயே பார்க்கலாம். அந்தத் துண்டு அவர்கள் காசில் வாங்கியது. ஹெல்மெட்டும் பூட்ஸும் வேலை கொடுப்பவர் பொறுப்பு என்று ஒப்புக்கொள்ளும் நாம், வெயிலுக்கான தலைத்துணியை மட்டும் தொழிலாளியின் சொந்தச் செலவில் விட்டிருக்கிறோம். சுற்றிலும் விளிம்பு, பின்னால் பிடரி மறைக்கும் துணி, துவைக்கக் கூடிய பருத்தி, ஆளுக்கு இரண்டு. ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இதைச் சேர்த்தால் எந்த ஒப்பந்தக்காரரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போகப் போவதில்லை. தைக்க டெய்லர்களும், துணி நெய்யத் தறிகளும் இதே ஊரில் இருக்கின்றன.

பொங்கலுக்கு வந்த பையனிடம் ட்வீட் தொப்பி ஏற்கெனவே இருந்தால் தை முடியும் வரை போடட்டும். அப்புறம் வேப்பிலையோடு பீரோவில் வைத்துவிட்டு, அதையே அளவாகக் காட்டி, பஜாரில் தெரிந்த டெய்லரிடம் பருத்தியில் ஒன்று தைக்கக் கொடுக்கலாம். ஃப்ளாட் கேப்புக்கு அதிகத் துணி வேண்டியதில்லை. மிஞ்சும் துணியில் பிடரி மறைக்கிற மாதிரி அகல விளிம்பு வைத்து அப்பாவுக்கும் ஒன்று தைக்க முடியுமா என்று டெய்லரிடமே கேட்டுக்கொள்ளலாம்.